வரப்பில் மறித்த புதன்கிழமை

நகர்ந்து இடம் கொடுத்தீர்களே, நன்றாக இருப்பீர்கள். உங்களைப் பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறது. இல்லையா? துணிக்கடையில் வேலையா? பரவாயில்லை, டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன், இனி மாற்ற வராது.

கடைசி ஸ்டாப்புக்கா போகிறீர்கள்? நல்லதாகப் போயிற்று, நாங்களும் அங்கேதான். முக்கால் மணி நேரம் இருக்கிறது. இன்றைக்கு எனக்குச் சால்வை போடுகிறார்கள், டீச்சர். வட்டார ஆஸ்பத்திரியில் விழா. சால்வை போட்ட பிறகு மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். இரண்டு வார்த்தையில் எனக்குத் தும்மக்கூட வராது. அதனால் உங்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எங்கேயாவது தப்பாக இருந்தால் நிறுத்துங்கள்.

பின் சீட்டுகளில் சிரிக்கிறார்களே, அவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். எல்லாம் என் செட்டு. காலையில் நான் தலைக்குப் பூ வைத்ததிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பேர் தையல்நாயகி. ஊர் கீழமருதங்காடு. பதினெட்டுப் பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்குப் பதினோரு வருஷமாக நான்தான் தலைவி. நடவு பார்த்திருக்கிறீர்களா, டீச்சர்? பஸ்ஸில் போகும்போது பார்த்தது கணக்கில்லை. பதினெட்டுப் பேரும் ஒரே வரிசையில் குனிந்து நிற்போம். ஆளுக்கு ஒரு பத்தி. நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து வருவோம். யாரும் முன்னால் நடக்க முடியாது, நட்ட நாற்றை மிதித்துவிடுவோம். நட்ட நாற்றில் கால் வைக்கிறவள் என் செட்டில் இருக்க முடியாது. அது முதல் சட்டம். இரண்டாவது சட்டம், வரிசையில் ஓட்டை விழக்கூடாது. ஒருத்தி வரவில்லை என்றால் அவள் பத்தி காலியாக நிற்கும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் நமக்காகக் காத்திருக்குமா? பறித்த நாற்று காத்திருக்குமா? அதனால் இடம் விட்டவள் இடத்தில் மறுநாளே வேறொருத்தியைச் சேர்த்துவிடுவேன். பதினோரு வருஷத்தில் என் வரிசை உடைந்ததில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. ஒன்பது மணிக்கு ரெஜினா சிஸ்டர் ஸ்கூட்டரில் மருந்துப் பெட்டியோடு அங்கன்வாடிக்கு வருவார்கள், மதியம் கிளம்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, ஆறு மணிக்கே நாங்கள் வயலில் இருப்போம். பிள்ளைகளும் எங்களோடுதான். வரப்போர வேலமரத்தில் வரிசையாகத் தூளி தொங்கும். சிஸ்டர் எங்கள் தெருவுக்கு வந்தால் பதினைந்து வீட்டுக்குப் பதினைந்து பூட்டு. கோழிகள் மட்டும் வந்து எட்டிப் பார்க்கும்.

சிஸ்டர் விடாமல் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கே வந்தார்கள்.

"தையல்நாயகிம்மா, நடவு முடியிற வரைக்கும் புதன்கிழமையில புள்ளத்தாச்சிங்களையும் கைப்புள்ளக்காரிங்களையும் அரை நாள் அனுப்பி வைங்க."

"அடுத்த புதன் பார்ப்போம் சிஸ்டர்."

"நீங்க ஊசின்னா பயப்படுறீங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க."

"யாரு, நானா?"

பாருங்கள் டீச்சர், ஊர் எப்படியெல்லாம் பேசுகிறது. எனக்கு ஊசிக்குப் பயமில்லை. பிடிக்காது, அவ்வளவுதான். பாகற்காய்கூடத்தான் எனக்குப் பிடிக்காது, அதற்காக அதைப் பார்த்துப் பயமா? இதற்குள் எங்கள் சின்னப்பொண்ணு அக்கா, பேர்தான் சின்னப்பொண்ணு, வயது ஐம்பத்தெட்டு, அதோ கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டாணி தின்கிறதே, அது ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டது. "பேரு தையலு, ஊசியைக் கண்டா ஆகாது. ஊசி இல்லாம எந்த ஊருல தையல் போடுறாங்க?" என்று. வயல் முழுக்க ஒரு வாரம் இதே சிரிப்பு.

என் கவலை வேறு, டீச்சர். ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் இரண்டு நாள் வரமாட்டாள். எட்டுப் பேர் கைப்பிள்ளைக்காரிகள். வரிசை என்ன ஆவது? தலைவி என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

எங்கள் செட்டில் சுகந்தி என்று ஒரு பெண். ஜன்னலோரம் குழந்தையோடு இருக்கிறாளே, அவள்தான். புருஷன் திருப்பூரில் பனியன் வேலை. அந்தக் குழந்தை மகிழினி எட்டாம் மாதமே பிறந்தது. ஒரு சளி பிடித்தால் பத்து நாள் இழுக்கும். அதற்கு ஒன்பது மாதம் முடிந்ததும் சுகந்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மணல்வாரி அம்மைக்கு ஊசி போடணும். புதன்கிழமை அரை நாள் விடுங்க."

"அடுத்த புதன் போய்க்கடி."

"போன புதனும் இதையேதான் சொன்னீங்க."

"அப்ப நான் பேச்சு மாறுற ஆளு இல்லன்னு தெரியுதுல்ல?"

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண், எதிர்த்துப் பேசவே தெரியாது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை பக்கத்து ஊர் வேலங்குடியில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மணல்வாரி. எங்கள் செட்டில் மூன்று பேர் அந்த ஊர்க்காரர்கள். அம்மை கண்ட தெருவிலிருந்து வேலைக்கு வரமாட்டார்களே, நின்றுவிட்டார்கள். பதினெட்டு பதினைந்தாயிற்று. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். மூன்று பத்தி காலி, அம்மைப் பயத்தில் மாற்று ஆளும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் சோறே தின்னவில்லை.

சுகந்தியும் தின்னவில்லை. அவளுக்கு வேறு கவலை. அம்மை கண்ட பிள்ளைகளில் ஒன்று எங்கள் அம்சவல்லியின் மகன். முந்தின நாள்வரை அவன் தூளி மகிழினியின் தூளிக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கை கால் கழுவும்போது கேட்டாள்.

"அக்கா, நாளைக்குப் புதன்."

"ஆமா. நாளைன்னிக்கு வியாழன்."

"விளையாடாதீங்கக்கா. மூணு நாளுக்குள்ள போட்டா தாங்கும்னு சிஸ்டர் சொல்றாங்க. விட்டா பிறகு போட்டும் பிரயோஜனமில்ல. நான் போனா என் இடம் இருக்குமா?"

"ஏற்கெனவே மூணு ஓட்டைடி. நாலாவது ஓட்டைக்கு நான் எங்க போவேன்? அடுத்த புதன்."

"சரிக்கா," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். பிறகு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். புருஷனோடுதான். "மேலக்காட்டு வயல், வேலமரத்துப் பக்கம், பத்து மணி" என்றெல்லாம் காதில் விழுந்தது. திருப்பூரில் இருக்கிறவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் புருஷன் பெண்டாட்டி எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறார்கள், நமக்கென்ன.

இப்போது முக்கியமான இடம். மேடையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வரப்பு மறிக்கிற வழக்கம் உண்டு, டீச்சர். நடவு நடக்கும்போது புது ஆள் யார் வரப்பில் வந்தாலும் ஒரு முடி நாற்றை, அதாவது ஒரு சின்னக் கட்டை, எடுத்து அவர் கால் முன்னால் வைத்துவிடுவோம். அதைத் தாண்டக்கூடாது. கையில் இருப்பதில் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெற்றிலை, முறுக்கு, எதுவானாலும் சரி. மறித்தால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பயிர் கோபித்துக்கொள்ளும். ஒருமுறை பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் கையில் தொப்பிதான் இருந்தது. பதினெட்டுப் பேரும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நட்டோம். தூரத்தில் போனவர்கள் பூசணித் தோட்டம் என்று நினைத்தார்கள். இன்னொரு முறை மாட்டுத் தரகர் ஒரு கட்டு மூக்கணாங்கயிறு கொடுத்தார். அதையும் வாங்கினோம். ஆளுக்கு ஒன்று.

அன்று புதன். பத்து மணி. வானம் நல்ல மப்பு. நான் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறேன். நடவில் குனிந்திருப்பவளுக்கு முகம் தெரியாது, கால்தான் தெரியும். "மறிங்கக்கா, புது ஆளு வருது," என்று சுகந்தி கத்தினாள். தலைவி நான் இருக்க வேறு யார் மறிப்பது? ஒரு முடி நாற்றோடு போய் வரப்பில் வைத்தேன். முட்டிவரை மழைக்கோட்டு, சேறு அப்பின செருப்பு, பக்கத்தில் நீலப் பெட்டி.

ரெஜினா சிஸ்டர்தான். எனக்குத் தெரியாதா? பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான்—

"அக்கா, சேமியா ஐஸ் இருக்கான்னு கேட்டீங்களே, அதையும் சொல்லுங்க."

கேட்டீர்களா, டீச்சர், பின்னாலிருந்து எப்படிக் குரல் வருகிறது. சரி, கேட்டேன். ஐஸ்காரரும் அதே நீலப் பெட்டிதான் வைத்திருக்கிறார். குனிந்தபடியே கேட்டேன். மேலே இருந்து ஒரு குரல், "ஐஸ் இருக்கு. ஆனா ஐஸோட வேற ஒண்ணும் இருக்கு. வாங்கிப்பீங்களா?" என்றது. நான் சொன்னேன். வயல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"பெட்டியில என்ன இருந்தாலும் குடு. குடுத்ததை வேண்டாம்னு தையல்நாயகி செட்டு இதுவரைக்கும் சொன்னதில்ல."

அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

சிஸ்டர் பெட்டியைத் திறந்து, "அப்ப வரிசையா வாங்க," என்றார்கள். முதலில் சின்னப்பொண்ணு அக்கா சிரித்தது. அப்புறம் எல்லோரும். சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள், டீச்சர். எங்கள் செட்டுப் பவானிக்கு அப்போது ஏழு மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், எனக்குப் பயமாகிவிட்டது.

வழக்கத்தை மீற முடியுமா? நானே, "எல்லாரும் கரையேறுங்கடி," என்று உத்தரவு போட்டேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், உத்தரவு போட்டது நான். இதில் ஒரு அதிசயம் கேளுங்கள். தடுப்பூசி அட்டை என்று ஒன்று உண்டு, பிள்ளைக்குப் போட்டதெல்லாம் அதில் எழுதியிருக்கும். யாராவது அதை வயலுக்குக் கொண்டுவருவார்களா? அன்றைக்குப் பார்த்து ஏழு தாய்மார் சோற்றுப் பையிலும் ஏழு அட்டை. பிள்ளைகள் எல்லாம் குளித்துச் சட்டை மாற்றி மை வைத்துக்கொண்டு தூளியில் உட்கார்ந்திருந்தன. என் செட்டின் ஒழுங்கு அப்படி.

மரத்தடியில் சாக்கை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, சிஸ்டர் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருந்துப் பொடியில் அதற்கென்று கொண்டுவந்த தண்ணீரைக் கலந்தார்கள். "கலந்துட்டா நாலு மணி நேரம்தான், அதுக்குள்ள போட்டு முடிக்கணும்," என்றார்கள். முதலில் மகிழினி. சுகந்தி அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை ஒரு முறை வீல் என்றது, அப்புறம் சிஸ்டரின் கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. சுகந்தி கண்ணைத் திறந்து, "போட்டாச்சா சிஸ்டர்? உண்மையாவே போட்டாச்சா?" என்று மூன்று முறை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன பார்வை என்று தெரியவில்லை, டீச்சர். நான் நாற்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஏழு பிள்ளைகளுக்கும் போட்டு, பவானிக்குப் பிள்ளைத்தாய்ச்சி ஊசியும் போட்டாயிற்று. அரை மணி நேரம் யாரும் நகரக்கூடாது, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று பார்க்க வேண்டுமாம். முடிந்ததும் எல்லோரும் வயலில் இறங்கிவிட்டோம். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். இந்தச் சின்னப்பொண்ணு அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சிஸ்டர், எங்க தலைவி நேத்து பாட்டில் ஓட்டுல காலைக் கிழிச்சிக்கிச்சு. மஞ்சளை வச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல நிக்குது."

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "சேத்துல வெட்டுக்காயமா? ரணஜன்னி வந்தா தெரியுமா உங்களுக்கு? தாடை பூட்டிக்கும், வாயைத் திறக்க முடியாது."

"இது வாயைத் திறக்க முடியாதுன்னா ஊருக்கு நல்லதுதானே?" என்றது சின்னப்பொண்ணு அக்கா.

"தையல்நாயகிம்மா, வாங்க. குடுத்தா வாங்கணும்ல?"

நான் ஓடவில்லை, டீச்சர். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். வேலை கிடக்கிறதே என்று குனிந்து நட ஆரம்பித்தேன். நட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். நடவுக்காரி பின்னால்தானே நடப்பாள்? கொஞ்சம் வேகமாக நடந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு நான் நட்ட வேகத்தில் இரண்டு மா நிலம் முடிந்திருக்கும்.

இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நடவில் மெதுவாக நடுகிறவளைக் கேலி செய்ய ஒரு விளையாட்டு உண்டு. அவளுக்கு இரண்டு பக்கமும் நட்டு, அவள் முதுகுக்குப் பின்னாலும் நட்டு அடைத்துவிடுவார்கள். கூண்டு என்போம். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நான் கூண்டு வைத்திருக்கிறேன். என்னைக் கூண்டில் வைக்க ஒருத்தி பிறக்கவில்லை என்று இருந்தேன். திடீரென்று குதிகாலில் நாற்று உரசியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நாற்று. வலப்பக்கம் நாற்று. முன்னால் நானே நட்ட நாற்று. இடப்பக்கம் ஒரே ஒரு பத்தி காலி. அதில் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, ஊசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ரெஜினா சிஸ்டர் வருகிறார்கள். கையைப் பிடித்து நடத்தி வருகிறவள் சுகந்தி.

"மிதிச்சிட்டு ஓடுங்கக்கா," என்கிறாள் சுகந்தி. "முதல் சட்டம் என்னன்னு எங்களுக்கு மறந்துபோச்சு."

எப்படி மிதிப்பேன்? கையை நீட்டினேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. நான் கத்தியது கொக்கு பறந்ததால்.

"கத்துனதாலதான் கொக்கு பறந்துச்சு."

பவானி, வாயை மூடிக்கிட்டு வாடி.

எட்டாம் நாள் மகிழினிக்கு உடம்பு சுட்டது. அந்த ஊசிக்கு ஒரு வாரம் கழித்து அப்படி வரலாம் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் பக்கத்து ஊரில் அம்மை இருக்கும்போது எந்தத் தாய்க்கு அது நினைவு வரும்? காலையில் சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நிற்கிறாள், டீச்சர். கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. இடம் போய்விடும் என்று வந்திருக்கிறாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"வீட்டுக்குப் போடி."

"இடம்?"

"உன் இடம் எங்கயும் போகாது. போ."

அன்றும் மறுநாளும் அவள் பத்தியையும் என் பத்தியையும் நானே நட்டேன். இடுப்பு இரண்டாகப் போயிற்று. வரிசை உடையவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. வேலங்குடியில் பதினோரு பிள்ளைகளுக்கு மணல்வாரி. ஒன்றைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள், பிழைத்து வந்தது. எங்கள் வேலமரத்துத் தூளிகளில் ஏழில் ஒன்றுக்கும் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலைகால் புரியாது, டீச்சர். வயலிலேயே ஆட வேண்டும் போல இருக்கும். ஒருநாள் ஆடினோம்.

இப்போது செவ்வாய்க்கிழமை ஆனால் சிஸ்டர் எனக்குப் போன் பண்ணி, "நாளைக்கு எந்த வயல்?" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் பன்னிரண்டு செட்டு இருக்கிறது. எல்லாத் தலைவிகளுக்கும் நான்தான் சொல்லி வைத்தேன். புதன்கிழமை மருந்துப் பெட்டி வயலுக்கு வருகிறது. சில செட்டில் வேண்டும் என்றே மறிக்கிறார்கள். அதனால்தான் சால்வை. என் யோசனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்? சத்தத்தில் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் எந்த வயலில் இருக்கிறோம் என்று சிஸ்டருக்கு யார் சொன்னது என்றா?

அது... சிஸ்டர்தான் தேடி வந்திருப்பார்கள். மேலக்காடு ஊரிலிருந்து மூன்று மைல். வேலமரம் ரோட்டிலிருந்து தெரியாது. பத்து மணிக்குச் சரியாக...

இருங்கள் டீச்சர், ஒரு நிமிஷம்.

ஏண்டி சுகந்தி, இங்க வா. புள்ளைய என்கிட்ட குடு. கம்பியைப் புடிச்சிக்க. அன்னைக்கு சிஸ்டருக்குப் போன் பண்ணது நீயா?

"ஆமாக்கா."

அட்டையெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னது?

"நான்தான். புது ஆளைக் கண்டா நீங்க மறிக்காம இருக்க மாட்டீங்கன்னு சிஸ்டர்கிட்ட சொன்னதும் நான்தான்."

இத்தனை பேருக்கும் தெரியுமா?

"மாட்டுத் தரகருக்குக்கூடத் தெரியும்க்கா."

சிரிக்காதீர்கள் டீச்சர். இல்லை, சிரியுங்கள், எனக்கும் வருகிறது. என்னைக் கேட்காமல் இவ்வளவு செய்திருக்கிறாள் பாருங்கள். என்னைக் கேட்டிருந்தால்? அடுத்த புதன் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த அடுத்த புதனுக்குள்... இந்தக் குழந்தையைப் பாருங்கள், என் பூவைப் பிய்த்துத் தின்கிறது. தின்னட்டும். எத்தனை கனம் ஆகிவிட்டாய் நீ.

ஸ்டாப் வந்துவிட்டது. எல்லாரும் எறங்குங்கடி, பையை விட்டுடாதீங்க. சுகந்தி, நீ என்கூட மேடைக்கு வா. சால்வைய நான் வாங்கிக்கிறேன். பேச்சை நீ பேசு.

"நானா? நான் என்னத்தக்கா பேசுறது? நீங்க ஓடுனதையா?"

நான் எங்கடி ஓடுனேன்? நடந்தேன். நடந்ததைச் சொல்லு.